சுத்தமாக வரச் சொன்னார்கள்

“அஞ்சு வயசுக்கு கம்மின்னா பொதுவா அம்மாகிட்டதான் விடுவாங்க. நீங்க சனிக்கிழமைல கோர்ட்டுலயே குழந்தையப் பாக்கறதுக்கு மனு போடலாம். கோர்ட்டுக்கு மட்டும் சுத்தமா வாங்க,” என்றார் என் விவாகரத்து வழக்கைப் பார்க்கும் வக்கீலம்மா. நான் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்பவன். அவர் காலில் கிடந்ததும் தோல் செருப்புதான்.

அனுமதி கிடைத்த முதல் சனிக்கிழமை, லீவு போட்டு, இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்து, புதுச் சட்டையில் வேலூர் கோர்ட்டுக்குப் போனேன். மூன்று வயது மகளைத் தூக்கினேன். கழுத்தை மோந்து பார்த்தாள்.

“அப்பா வாசனையே இல்ல,” என்று அழுது இறங்கிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை காலை ஷிஃப்ட் முடிந்ததும் வேலைச் சட்டையோடே பஸ் ஏறினேன். வேலூர் வரை என் பக்கத்து சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை.