வேர்க்காத கை

அண்ணன் போய் ஓராண்டு முடிந்துவிட்டது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை.

அண்ணன் பிறந்தது பிள்ளையார்பாளையத்தில், எங்கள் தறி வீட்டில். வளர்ந்த பிறகும் தலையில் பூனைமுடி, வாயில் கூராக நான்கே பற்கள். எந்த வெயிலிலும் உடம்பு வேர்க்காது. வேர்வை பட்டால் ஜரிகை கறுத்துவிடும் என்பதால் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் புள்ள கைய பாருபா, சொட்டு வேர்வ இல்ல. ஜரிகைக்குன்னே பொறந்துக்கிறான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். தொண்ணூறுகளில், பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அண்ணனைத் தறியில் உட்கார வைத்துவிடுவார். நூல் அறுந்துபோகும் என்று அந்த அறையில் மின்விசிறி கிடையாது.

ஒவ்வொரு கோடையிலும் அண்ணனுக்குக் காய்ச்சல் அனலாய் அடிக்கும். அம்மா கம்பளி போர்த்துவார். ஒருநாள் அம்மா கடைக்குப் போனபோது நான் கதவையும் ஜன்னலையும் சாத்தினேன். "எரியுதுமா, எடுத்துடு" என்று என்னிடம் கெஞ்சினார். "சும்மா இருண்ணா, வேர்த்தா ஜொரம் வுட்டுடும்" என்று இன்னொரு போர்வையைப் போட்டேன். சற்று நேரத்தில் அவருக்கு வலிப்பு வந்துவிட்டது. சின்ன வயசு, தெரியாமல் செய்தாய் என்று யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம்.

சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஒரு டாக்டரம்மாதான் விளக்கினார். "இவனுக்கு வேர்வைச் சுரப்பியே சரியா உருவாகல. பல்லு, முடி, அடிக்கடி நெஞ்சுல சளி, எல்லாத்துக்கும் இந்தப் பிறவிக் கோளாறுதான் காரணம். இனிமே போர்த்தாதீங்க, தண்ணி ஊத்துங்க." அப்பா அதற்குப் பிறகு அந்தக் கையை யாருக்கும் காட்டவில்லை.

அண்ணன் தறியை விட்டுப் புடவைக்கு டிசைன் வரையக் கற்றுக்கொண்டார். ஈரத்துண்டு எப்போதும் தோளில் இருக்கும். சோற்றைக் குழையப் பிசைந்து, எல்லோரும் எழுந்த பிறகே சாப்பிடுவார். அவருக்குப் பெண் கொடுக்க யாரும் வரவில்லை. அந்த வீட்டு ரத்தம் என்று என்னையும் யாரும் கேட்கவில்லை. அந்தக் கோபத்தை அவர் மேலேயே காட்டினேன். "என்னாலதானேமா?" என்பார். "ஆமா" என்பேன். பாவி நான்.

அம்மா அப்பாவுக்குப் பிறகு நாங்கள் இருவர்தான். போன வருஷம் சளி நெஞ்சில் கட்டி, மூன்றே நாளில் போய்விட்டார்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிவரை கூட வந்த பக்கத்து வீட்டாருக்கும், காரியம் முடியும்வரை எனக்குச் சோறு கொடுத்த தெருவினருக்கும் நன்றி. உங்களில் யார் வீட்டிலாவது வெயிலில் வேர்க்காத குழந்தை இருந்தால் மறைக்காதீர்கள், என்னிடம் அழைத்து வாருங்கள். டாக்டரிடம் நானும் கூட வருகிறேன். என்னைத் தேடி வேறு யாரும் வருவதில்லை.