பதினாலாம் எண் ஊதவைத்த சங்கு

வெர்லீன் ஸ்டட்ஸ்மனுக்கு மேற்குக் கான்சாஸின் கிட்டர்மன் ஊரார் ‘சங்குக்காரி’ என்று பெயர் வைத்து மூன்று வருடமாகிறது. வயது அறுபத்தொன்று, புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம், பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை. இதையெல்லாம் யாரும் பேசுவதில்லை. பட்டமளிப்பு நாளன்று அவள் அடித்த கூத்தைத்தான் பேசுவார்கள்.

மாவட்டத்தின் புயல் பார்க்கும் தொண்டர்களில் அவள் பதினாலாம் எண். அன்று மேற்கே ஒரு மேகம் தரைவரை தொங்குவதைப் பார்த்ததும் ரேடியோவை எடுத்து, “சுழல்காற்று!” என்று கத்திவிட்டாள். ஊரின் அபாயச் சங்கு ஊதியது. அங்கி போட்ட பதினேழு பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் தேவாலய நிலவறைக்குள் விழுந்தடித்து இறங்கினார்கள். ஏறி வந்து பார்த்தால் வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. கேக்கை நாய்கள் முடித்துவிட்டிருந்தன. அவள் பார்த்தது கந்தலாகத் தொங்கிய வெறும் மேகம். அது சுழலவே இல்லை. எது தொங்கினாலும் அறுபதுவரை எண்ண வேண்டும், அதற்குள் சுழன்றால்தான் வாயைத் திறக்க வேண்டும் என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. அவள் ஆறுகூட எண்ணவில்லை.

பேரிடர் அலுவலராக வந்திருக்கும் கர்டிஸ் பெல்சர், இன்னொரு முறை பொய்ச் சங்கு ஊதவைத்தால் ரேடியோவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டான். ரேடியோவும் எண்ணும் போய்விட்டால் வானத்தை அண்ணாந்து பார்த்தபடி வண்டி ஓட்டுகிற ஒரு கிழவி, அவ்வளவுதான். மே மாதத்தில் மேகத்தைத் துரத்துவதற்காகத்தான் வருடம் முழுக்க பேருந்துப் பிள்ளைகளின் கூச்சலை அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை ஊரில் பழைய மாணவர் விருந்து. வெர்லீன் காலையிலேயே தங்கை புருஷன் ஓரினை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஓரினுக்கு மேகத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. சாண்ட்விச்சுக்காகவும், விருந்துக்கு மேசை தூக்கச் சொல்லும் பெண்டாட்டியிடமிருந்து தப்பிக்கவும் வருகிறவன்.

வானிலைப் படங்கள் தெற்கே கையைக் காட்டின. நூற்று நாற்பது மைல் ஓட்டி ஓக்லஹோமா எல்லையில் ஒரு பெட்ரோல் நிலையத்துக்கு வந்தால், அவளைப்போல் புயல் துரத்த வந்தவர்களின் நாற்பது வண்டிகள் கூரையில் கேமராவோடு நிற்கின்றன. மேலே துடைத்து வைத்த நீல வானம். மூன்று மணி நேரம் காத்துக் கிடந்தார்கள்.

“மதினி, இவங்கள்ல யாராச்சும் மேகத்தப் பாத்துருக்காங்களா? இல்ல ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறாங்களா?” என்று கேட்டான் ஓரின்.

“வாயில சாண்ட்விச் இருக்குல்ல? மென்னு.”

நாலு மணிக்கு வடக்கே, அடிவானத்தில், வெள்ளையாக ஒரு மேகம் கோபுரம் கட்டி எழுந்தது. நேராக அவர்கள் ஊர்ப் பக்கம்.

“வீட்டுலயே இருந்திருந்தா நாற்காலி போட்டுக் காலாட்டிக்கிட்டுப் பாத்திருக்கலாம்,” என்றான் ஓரின். அவள் கொடுத்த வசவை இங்கே எழுத முடியாது.

ஆறரை மணிக்கு ஊருக்குத் தென்மேற்கே ஒரு மண்சாலையில் வண்டியை நிறுத்தினாள். எதிரே மேகத்தின் அடிவயிறு கன்னங்கரேல் என்று தாழ்ந்திருந்தது. அதிலிருந்து எதுவும் தொங்கவில்லை. ஆனால் அதற்கு நேர்கீழே, உழுதுபோட்ட வயலில், கொஞ்சம் புழுதி வட்டமடித்துக்கொண்டிருந்தது. மேலே எதுவும் தொங்காமலே சுழல்காற்று தரையில் இறங்கிவிடுவதும் உண்டு.

வெர்லீன் எண்ண ஆரம்பித்தாள். பேருந்தில் பிள்ளைகளின் தலையை எண்ணுகிற அதே குரல். ஓரின் சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைத் துப்பிக்கொண்டிருந்தான். நாற்பதில் புழுதி ஒரு மின்கம்பத்தைப் பிடுங்கியது. அவள் எண்ணுவதை நிறுத்தினாள். ரேடியோவை எடுத்தாள். காற்றுக்கு அவள் பயப்படவில்லை, கர்டிஸுக்குத்தான் பயந்தாள்.

“பதினாலு பேசுறேன். சுழல்காற்று தரையில. ஊருக்கு மேக்க நாலு மைல்.”

“மேகத்துலேர்ந்து ஏதாச்சும் தொங்குதா?” கர்டிஸின் குரல்.

“ஒண்ணும் தொங்கல.”

“அப்ப என்னதான் தெரியுது?”

“புழுதி.”

ரேடியோ கரகரத்தது. “வெர்லீன்ம்மா, மேற்குக் கான்சாஸ்ல புழுதியப் பாத்துட்டா சங்கு ஊதச் சொல்றீங்க? இங்க எரநூறு பேரு தட்டோட வரிசையில நிக்கிறாங்க.”

“டேய் கர்டிஸ், ஆறு வருஷம் என் பஸ்ல வாந்தி எடுத்த. ஆறு வருஷமும் நாந்தான் தொடச்சேன். ஒரு தடவ உங்கம்மாகிட்ட சொல்லியிருப்பேனா? பட்டன அமுக்குடா!”

பொது அலைவரிசை. மாவட்டமே கேட்டது. சங்கு ஊதியது. மழை திரையாக இறங்கி வயலையும் புழுதியையும் மறைத்தது. அதற்குப் பிறகு அவர்கள் எதையும் பார்க்கவில்லை.

அவர்கள் ஊருக்குள் வரும்போது ஜனங்கள் நிலவறையிலிருந்து ஏறிவந்துகொண்டிருந்தார்கள். மேற்கே வானம் வெளுத்திருந்தது. ஓர் இலைகூட உதிரவில்லை. ஒரு நாய் பன்றி இறைச்சித் தட்டில் மும்முரமாக இருந்தது.

“சங்குக்காரி வந்துட்டா, அடுத்த கேக்க ஒளிச்சு வைங்கப்பா!” என்று எவனோ கத்தினான். சிரிப்பு எழுந்தது. தங்கை லவான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள்.

“அக்கா, ஒனக்கு வேற வேலையே இல்லியா? கோழி நூடுல்ஸ் பானைய ஊருக்கு வெளிய, பண்ணை வீட்டு அடுப்புலயே மறந்துட்டேன், ஒரு ஓட்டமா போய் எடுத்தாரலாம்னு வண்டியில சாவியப் போடுறேன், சங்கு ஊதுது. என்னக் கொழந்த மாதிரி இழுத்துட்டுப் போய் கீழ தள்ளிட்டாங்க. இப்ப எல்லாரும் வெறும் உருளைக்கெழங்கத் திங்க வேண்டியதுதான்!”

கர்டிஸ் கையை நீட்டினான். வெர்லீன் ரேடியோவைக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாயை முறைத்து அதை அடக்கினாள்.

அப்போது வானத்திலிருந்து இளஞ்சிவப்பாக ஏதோ மிதந்து வந்து மேசையில் உட்கார்ந்தது. வீட்டுச் சுவருக்குள் அடைக்கிற பஞ்சு. இன்னொரு துண்டு. பிறகு ஒரு காகிதம். பிறகு சிவப்பாக, இரண்டு காலையும் விரித்துக்கொண்டு, ஆற அமர இறங்கி வந்து உருளைக்கிழங்குப் பாத்திரத்தில் விழுந்தது குளிர்காலத்து நீள உள்ளாடை ஒன்று.

ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஓரினும் சிரித்தபடியே அதை எடுத்து உதறினான். பின்பக்கத்தில் நீலக் கட்டம் போட்ட ஒட்டு. அவன் சிரிப்பு நின்றது.

“இது என்னோடது.”

“கொடியில காயப் போட்டிருப்பே,” என்றான் எவனோ.

“இல்ல,” என்றாள் லவான். அவள் குரல் இறங்கிவிட்டது. “குளிர் முடிஞ்சதும் படுக்கையறை அலமாரியில, அடித்தட்டுல, நாந்தான் மடிச்சு வச்சேன்.”

யாரும் சிரிக்கவில்லை. கர்டிஸ் ரேடியோவை வெர்லீனின் மடியில் திரும்ப வைத்துவிட்டுத் தன் வண்டியை நோக்கி ஓடினான். லவான் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்து அக்காவின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அடுப்ப அணைச்சேனான்னு ஞாபகம் இல்லக்கா.”

“விடுடி,” என்றாள் வெர்லீன்.