சாணத் தொட்டிக்காரி நாச்சம்மாள்

எருத்தேன்பதியில் பிறந்து, கொழிஞ்சாம்பாறையில் வாக்கப்பட்டு, முப்பது வயதில் தாலியறுத்த நாச்சம்மாளுக்குத் தெரிந்த ஒரே தொழில் மாடு பார்ப்பது. அதை நம்பித்தான் சித்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் விடுதி மாட்டுக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். தற்காலிக வேலை என்றார்கள். அந்தத் தற்காலிகம் ஒன்பது வருடம் நீண்டது. பையன்கள் வந்தார்கள், படித்தார்கள், போனார்கள். பன்னிரண்டு மாடுகளும் அவளும் மட்டும் அங்கேயே கிடந்தார்கள்.

விடுதி அடுப்புக்குப் பசி அதிகம். மாதம் தவறாமல் வளாகத்தில் ஒரு மரம் சாயும். வேதியியல் வாத்தியார் ஆறுமுகசாமிக்கு அது பொறுக்கவில்லை. யார் யாருக்கோ மனுப் போட்டு, எழுபத்தைந்தில் ஒரு சாண வாயுத் தொட்டி கட்ட வைத்தார்.

"சாணியில சோறாக்கி ஆருங்க திம்பாங்க?" என்று சமையல்காரர் குப்பண்ணன் மூக்கைப் பொத்தினார். அடுப்பில் நீலமாகத் தீ எரிந்து, கண்ணில் புகை இல்லாமல் ஒரு வாரம் சமைத்த பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. மிச்ச எரிப்புக்குத் தென்னை மட்டை போதுமானதாக இருந்தது. மரம் வெட்டுவது நின்றது.

தொட்டிக்குச் சாணி கரைப்பது நாச்சம்மாள் பாடு. சாணி பாதி, தண்ணீர் பாதி. வைக்கோல் துணுக்கு ஒன்றுகூட இருக்கக்கூடாது. கையை முழங்கை வரை விட்டுத் துழாவி எடுப்பாள். வாயு சேரச் சேரத் தொட்டியின் மேலிருக்கும் இரும்பு மூடி மெல்ல உயரும். விடிந்ததும் அவள் முதலில் பார்ப்பது அந்த மூடியைத்தான். மாடெல்லாம் அப்புறம்.

எழுபத்தாறு மாசியில், தொட்டியைப் பார்க்கப் பெரிய மனிதர்கள் வரப்போகிறார்கள் என்று தகவல் வந்தது. நாச்சம்மாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வாசலுக்குச் சாணி தெளிப்பவள்தான். ஆனால் கல்லூரிச் சுத்தம் வேறு, அதற்கு ஃபினாயில்தான் சரி என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். கக்கூஸுக்கு வைத்திருந்த இரண்டு பாட்டிலையும் கொட்டகைத் தரையில் ஊற்றித் தேய்த்துக் கழுவினாள். கழுவிய தண்ணீர் வாய்க்கால் வழியே நேராகச் சாணத் தொட்டிக்குள் போயிற்று. வந்தவர்கள் கொட்டகையைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து மூடி இறங்கத் தொடங்கியது. நாலாம் நாள் அடுப்பு அணைந்தது.

ஆறுமுகசாமி குனிந்து குனிந்து பார்த்தார். "நாச்சம்மா, சாணிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுருக இருக்குது. அதுகதான் வாயு உண்டாக்கறது. மருந்து, சோப்பு ஏதாச்சும் உள்ள போச்சா?"

அவளுக்கு ஃபினாயில் பாட்டில்கள் நினைவுக்கு வந்தன. வேலையை நிரந்தரமாக்கும் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அடுத்த மாதம் உத்தரவு வரவேண்டும்.

"ஒண்ணும் போகலீங்க" என்றாள்.

பொய் சொல்லிப் பழகாதவளுக்கு அந்த ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை கல்லூரிக் கமிட்டி கூடியது. இது நம் ஊருக்கு ஒத்துவராத திட்டம், தொட்டியை மூடிவிடலாம் என்றார் தலைவர். ஆறுமுகசாமி இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டார். வெளியே, முதலில் வெட்டவேண்டிய வாகை மரங்களுக்கு ஒருவன் சுண்ணாம்பில் குறி போட்டுக்கொண்டிருந்தான். சாணக் கையோடு வாசலில் நின்றிருந்த நாச்சம்மாள், யாரும் கூப்பிடாமலே உள்ளே நுழைந்தாள்.

"தொட்டி மேல குத்தமில்லீங்க. நாந்தான் பினாயில் ஊத்திக் கழுவுனனுங்க. சார் கேட்டப்பப் பொய் சொல்லீட்டனுங்க."

தலைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இப்ப சொன்னா உன் உத்தரவு என்னாகும்னு தெரியுமா?"

"தெரியுமுங்க. அதுக்காவ மரத்தை வெட்டலாமுங்களா?"

தொட்டிக்கு இரண்டு மாதத் தவணை கிடைத்தது. நாச்சம்மாள் பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது. ஆறுமுகசாமி கடைசிவரை அவளுக்காக வாதாடினார், பலிக்கவில்லை. அன்றே அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கெட்டுப்போன கரைசலை வாளி வாளியாக மொண்டு வெளியே கொட்ட ஆரம்பித்தாள். பிறகு தினமும் புதுச் சாணி கரைத்து ஊற்றினாள். ஒரு மாதம் மூடி அசையவே இல்லை. வாத்தியாரே நம்பிக்கை இழந்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் மூடி மெல்ல எழும்பத் தொடங்கியது. நாற்பதாம் நாள் காலை குப்பண்ணன் சமையலறையிலிருந்து ஓடிவந்தார். கையில் ஆவி பறக்கும் காப்பி டம்ளர்.

"நாச்சக்கா, இந்தா குடி. உன்ற தீயில போட்டது."

பட்டியலில் பெயர் அடிபட்ட அன்றுகூட ஒரு சொட்டு விடாதவள், டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, மாடுகளெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டு அழுதாள்.