பெரட்டில் நாலாவது பெயர்

இசைக்குழுவில் பேஸ் கித்தார் வாசிப்பவனை யாரும் கவனிப்பதில்லை; அவன் நிறுத்திவிட்டால்தான் 'என்னமோ கொறையுதே' என்று மேடையைத் திரும்பிப் பார்ப்பார்கள். மேடை ஒயரில் கால் தடுக்கி விழுந்தவர்களே, தாலி கட்டும் நேரத்தில் ஸ்பீக்கர் ஊளையிட்டு சபை நடுவே முழித்தவர்களே, உங்களுக்குத் தெரியாத கஷ்டம் எதையும் நான் சொல்லிவிடப் போவதில்லை. ஆனால் குழுவில் ஒருவன் போய்விட்டால் மிச்சம் இருப்பவர்கள் வாசிக்கலாமா, கூடாதா என்று உங்களில் யாருக்காவது கேள்வி வந்திருந்தால், கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். எனக்குக் குரல் சின்னது. என் தாத்தா பேய்க்கதை சொல்லும்போது, பேய் வரும் இடத்தில் குரலைத் தாழ்த்துவார். அந்தத் தாழ்ந்த குரல் மட்டும்தான் எனக்கு வாய்த்தது.

பத்தாங் பெர்ஜுந்தை சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் செம்பனைத் தோட்டம் எங்களுடையது. குழுவில் நாலு பேர். கித்தார் வாசித்துப் பாடும் ரவி, தோட்டத்து டிராக்டர் ஓட்டுகிறான். ஆர்கன் வாசிக்கும் தாஸுக்கு ரவாங்கில் தொழிற்சாலை வேலை. நான் மூர்த்தி, ஆலையில் பழ லோரிகளை எடை போடுகிறேன். ட்ரம் வாசித்தவன் செல்வம், குலை வெட்டுகிறவன். 'வாசித்தவன்' என்று எழுதும்போதே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

தோட்டத்துப் பக்கம் வராதவர்களுக்காக: பெரட்டு என்றால், விடிவதற்கு முன் களத்தில் ஆட்களை நிறுத்தி, மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிடுவது. வந்தவர் 'இருக்கேன்' என்பார். வராதவருக்கு வீட்டு ஆள் யாராவது 'வரல' என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் மண்டோர் மாத்தாள் பெயரைக் கூப்பிட்டு, வேலையை ஆரம்பிப்பார்.

மற்ற ராக் குழுக்கள் ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று பாட்டைத் தொடங்கும். செல்வம் பெரட்டு எடுப்பான். "ரவி!" என்று கத்துவான், கித்தார் ஒரு தடவை உறுமும். "தாஸ்!" ஆர்கன் பதில் சொல்லும். "மூர்த்தி!" என் பேஸ் முனகும். "வந்திருக்கானா, இல்ல தூங்குறானா?" என்று என் பெயரை மட்டும் இரண்டாவது தடவை கூப்பிடுவான். கடைசியாக "செல்வம்!" என்று தன்னையே கூப்பிட்டு ஸ்னேர் ட்ரம்மில் ஓங்கி ஓர் அடி. அந்த அடியில்தான் பாட்டு கிளம்பும். நாலு வருஷம் இப்படித்தான். வேறு விதமாக ஆரம்பிக்க எங்கள் கைகளுக்குத் தெரியாது.

ஜெராமில் ஒரு கல்யாணம். செல்வம் பெரட்டு எடுத்ததும் முன் வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் தாய்மாமன் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். முப்பது வருஷம் பெரட்டில் நின்று பால் மரம் வெட்டியவராம். பக்கத்திலிருந்தவர்கள் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் எங்களைத் தேடிக்கொண்டு வந்து சொன்னார்: "ஏம்பா, வாரத்துல ஒரு நாள்தான் அந்தச் சத்தம் இல்லாம இருக்கேன். அதையும் ஸ்பீக்கர் கட்டிக் கூப்பிட வந்துட்டீங்களா?"

பதினாறாம் நாள் வந்தவர்

ஈஜோக் சாலை வளைவில் மழை. செல்வத்தின் மோட்டார் சைக்கிள் வழுக்கியது. இதற்கு மேல் எழுத எனக்கு வராது.

பதினாறாம் நாள் காரியம். பந்தல் கயிற்றை நானும் தாஸும் அவிழ்த்துக்கொண்டிருந்தோம். சட்டைப் பையில் பேனா சொருகிய ஒருவர் வந்தார். தஞ்சோங் காராங்காரர், மகனின் கல்யாணத்துக்கு எங்களை முன்பே பேசி வைத்திருந்தவர். துக்கம் விசாரித்தார். உண்மையாகவே கண் கலங்கினார். பிறகு மெல்ல, "அந்தத் தேதி..." என்று இழுத்தார். தாஸ் கயிற்றைக் கீழே போட்டான். "அண்ணே, நாலு பேருல ஒருத்தன் இல்ல. குழுவே இல்ல" என்றான்.

அவர் கோபப்படவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு சேர்ந்து ஒரு மூங்கிலைப் பிடுங்கினார். போகும்போது என்னைப் பார்த்து, "தம்பி, மாப்பிள்ளையப் பெத்தவ போயி ஏழு வருஷமாச்சு. அவ இல்லாமத்தான் கல்யாணம் நடக்குது. நடத்தக்கூடாதுன்னு சொல்லுங்க, நிறுத்திடுறேன்" என்றார்.

எந்தப் பக்கம்?

எட்டு மாதம் வாத்தியங்கள் தோட்டத்துப் பொது மண்டபமான டேவானில் துணி போர்த்திக் கிடந்தன. அப்போதுதான் இளைஞர் மன்றத்தின் கலை விழா அறிவிப்பு வந்தது. செல்வம் முதன்முதலில் மேடை ஏறிய விழா அது. ரவி வாசிக்க வேண்டும் என்றான். தாஸ் கூடாது என்றான். ரவி ஓர் ஆங்கிலப் பத்திரிகையைக் கொண்டுவந்து விரித்தான். "வெள்ளக்காரக் குழுல ட்ரம்மர் செத்தான். வேற ஆளப் போட்டு ஊர் ஊரா வாசிக்கிறாங்க, பாரு."

"அடுத்த பக்கத்தையும் திருப்பு" என்றான் தாஸ். "இன்னொரு குழுல ஒருத்தன் செத்ததும் கடையச் சாத்திட்டானுங்க. அதையும் படி. டேய், இன்னும் வருஷம் திரும்பல. ரத்த சொந்தம் இல்லைன்னா நமக்குத் தீட்டு, தொடக்கு கிடையாதா?"

"வருஷம் திரும்புறவரைக்கும் வீட்டுல சோறு பொங்காம இருந்தியா? இதான்டா எனக்குச் சோறு. இந்த வருஷம் வாசிக்கலைன்னா அப்புறம் ஒருநாளும் வாசிக்க மாட்டோம். எனக்குத் தெரியும்."

தாஸ் பத்திரிகையை இரண்டாகக் கிழித்தான். ரவி அவன் சட்டையைப் பிடித்தான். இரண்டு பேருமே செல்வத்துக்காகத்தான் சண்டை போட்டார்கள். அதனால்தான் எனக்கு யாரை விலக்குவது என்று தெரியவில்லை. சுவரோடு நின்றேன். ரவியின் கையைத் தட்டிவிட்டு, வெளியே போகிற போக்கில் தாஸ் சொன்னான்: "நீ எந்தப் பக்கம்னு வாயத் தொறந்து சொல்லுடா மூர்த்தி. இங்கயும் பேஸ் வாசிக்காத."

மேளம் இருந்த வீடு

ட்ரம் செட் மட்டும் டேவானில் இல்லை. செல்வத்தின் அக்கா தனம், அதைத் தன் லயத்து வரிசை வீட்டு முன்னறையில் வைத்திருந்தார். தாய் தகப்பன் இல்லாத வீடு. தம்பியை வளர்த்தவர் அவர்தான். அவர் கொடுத்தால்தான் விழா, இல்லாவிட்டால் இல்லை. ரவி என்னை அனுப்பினான். மெதுவாகப் பேசுகிறவன் போனால் அக்காவுக்கு வலிக்காது என்பது அவன் கணக்கு.

பழம் பொறுக்கிவிட்டு வந்து, கால் பூட்ஸைக்கூட அக்கா கழற்றியிருக்கவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். "எல்லாரும் சேந்துதான் கேக்குறீங்களா?" என்றார். "எல்லாரும்தான் அக்கா" என்றேன். என் வாழ்க்கையில் நான் சத்தமாகச் சொன்ன பொய் அதுதான். அக்கா ஒரு பூட்ஸைக் கழற்றினார். "காரியம் முடிஞ்சு நான் வேலைக்குப் போன மொத நாளு, பழக்கத்துல மண்டோர் அவன் பேரையும் கூப்பிட்டுட்டாரு. வீட்டாளு நான்தானே நிக்கிறேன்? வாய் வரல. களமே என்னைப் பாக்குது. 'வரல'ன்னு ஒரு வார்த்தை. என்னால சொல்ல முடியல, மூர்த்தி. கடைசியில ஆபீஸ் கிராணி வந்து ஏட்டுல பேரை அடிச்சாரு." இரண்டாவது பூட்ஸையும் கழற்றினார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு எழுந்து ட்ரம் மேலிருந்த கைலியை எடுத்தார். தூசி இல்லை, தினமும் துடைத்திருக்கிறார். "நீ பொய் சொல்ற. அதுல ஒன்னும் இல்ல" என்றார். "தாஸ் வந்து தூக்கினாத்தான் இது வாசலைத் தாண்டும். இன்னொன்னு. மேளம் போகட்டும். அவன் உக்காந்த ஸ்டூல் போகாது."

பிஸ்கட் தகரம்

தாஸ் வந்தான். நான் அவனிடம் என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள்; அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன், அவ்வளவுதான். பெரிய ட்ரம்மைத் தூக்கித் தோளில் வைத்தான். ரவி இன்னொரு பக்கம் பிடிக்க வந்தபோது தட்டிவிடவில்லை. ஆனால் பேசவும் இல்லை.

வாசிக்கக் கிடைத்தவன் ஆ செங். தோட்டத்து மளிகைக்கடை முதலாளியான சீனத் தவுக்கேயின் மகன். எங்கள் லயத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் கெட்ட வார்த்தை உட்பட எங்கள் தமிழே பேசுவான். சீனர் சாவு ஊர்வலங்களில் ட்ரம் அடித்துப் பழக்கம். ஸ்டூல் இல்லை என்றதும் கடையிலிருந்து ஒரு சதுர பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து, மேலே சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தான். அவன் காலை அழுத்தும்போதெல்லாம் தகரம் 'டொங்' என்று கூடவே தாளம் போட்டது.

முதல் பயிற்சி. ஆ செங் குச்சிகளைத் தட்டி, "ஒன், டூ, த்ரீ, ஃபோர்!" என்று அடித்தான். நாங்கள் மூன்று பேரும் கையை நரம்பிலும் ஆர்கன் கட்டையிலும் வைத்தபடி அப்படியே நின்றோம். மறுபடி எண்ணினான். மறுபடி நின்றோம். வாசிக்க விருப்பமில்லாமல் இல்லை; பெயர் கூப்பிடாமல் கை கிளம்ப மாட்டேன் என்கிறது. யாராலும் அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை. நாலாவது தடவைக்குப் பிறகு ஆ செங் குச்சியை மடியில் வைத்துவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். "டேய், நான் எத்தனையோ சாவு வீட்டுல வாசிச்சிருக்கேன். பொணம் கூட இவ்ளோ அமைதியா இருந்ததில்ல லா."

முன் வரிசை

விழா அன்று மாலை ஐந்து மணி. வெயில் இறங்காத திடல், பலகை மேடை. பயிற்சியில் ஒப்பேற்றியது எப்படி என்றால், ரவி தலையை ஆட்டுவான், நாங்கள் தட்டுத் தடுமாறிச் சேர்ந்துகொள்வோம். இன்றைக்கும் அப்படியே சமாளித்துவிடலாம் என்று இருந்தோம்.

அப்போது தனம் அக்கா வந்தார். கையில் செல்வத்தின் ஸ்டூல். மன்றத்துப் பையன்கள் நாற்காலி போட ஓடினார்கள். அக்கா வேண்டாம் என்று தலையசைத்து, முன் வரிசைக்கும் முன்னால், புல் தரையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நேராக ட்ரம்மைப் பார்த்தபடி. ஆ செங் பிஸ்கட் தகரத்தில் நெளிந்தான். 'டொங்' என்றது, யாரும் சிரிக்கவில்லை. "நான் எறங்கிடுறேன்டா" என்றான் தாஸ், உதட்டை அசைக்காமல். எட்டு வாரத்தில் ரவியிடம் அவன் பேசிய முதல் வார்த்தை. ரவி தலையை ஆட்ட வேண்டும், ஆட்டவில்லை. என் பக்கம் திரும்பி, "மூர்த்தி, நீ கூப்பிடு. என்னால முடியல" என்றான்.

இருக்கிற குரலையெல்லாம் திரட்டி மைக்கில் கூப்பிட்டேன். "ரவி!" கித்தார் உறுமியது. "தாஸ்!" ஒரு நொடி தாமதம், பிறகு ஆர்கன். "மூர்த்தி!" என் பெயரை நானே கூப்பிட்டு நானே வாசித்தேன். அடுத்து 'ஆ செங்' என்று சொல்ல வேண்டும். மனசில் அதுதான் இருந்தது. நாலு வருஷப் பழக்கம் நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. "செல்வம்!" என்றேன். தென்னை மரங்களில் கட்டியிருந்த ஸ்பீக்கர்கள் அந்தப் பெயரை லயங்கள் வரைக்கும் கொண்டுபோயின. ஆ செங்கின் குச்சி தலைக்கு மேல் நின்றது. அடிப்பதா, வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. தாஸ் கண்ணை மூடிக்கொண்டான். மொத்தத் தோட்டமும், மண்டோர், கிராணி உட்பட, அக்காவைப் பார்த்தது.

அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார், காலையில் களத்தில் நிற்பதுபோல. உதடு இரண்டு தடவை திறந்து மூடியது. மூன்றாவது தடவை, மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி வந்தது: "செல்வம் வரல! மாத்தாள் பேரைக் கூப்பிட்டு வேலைய ஆரம்பிங்கடா!"

அதிலிருந்து எங்கள் நாலு பேர் குழுவில் செல்வத்தையும் சேர்த்து ஐந்து பெயர் கூப்பிடுகிறோம். பெரட்டு சரியாக நடக்கிறது, ஸ்டூல் மட்டும் அக்கா வீட்டிலேயே இருப்பதால் ஆ செங்கின் பிஸ்கட் தகரத்தைத்தான் வருஷத்துக்கு இரண்டு தடவை மாற்ற வேண்டியிருக்கிறது.