சோடாவுக்குப் பின் சொன்ன வார்த்தை

அந்தப் பேச்சாளருக்குக் கூட்டத்தை மயக்கத் தெரியும். காதில் விழாத குரலில் ஆரம்பிப்பார். காஞ்சியில் எங்கள் பிள்ளையார்பாளையத்து முச்சந்தியில் கசமுசவென்று பேசிக்கொண்டிருக்கும் சனம், என்னதான் சொல்கிறார் என்று கேட்பதற்காகவே வாயை மூடும். பிறகு ஒரு கேள்வி போடுவார். பதிலை அவர் சொல்லமாட்டார், நம்மைச் சொல்லவைப்பார். நம் வாயால் சொன்னதை நாமே எப்படி மறுப்பது? கூட்டம் சூடேறியதும் பேச்சை நிறுத்திவிட்டு சோடா குடிப்பார். கைதட்டலுக்கான வாக்கியம் அதற்குப் பிறகுதான் வரும். பெண்கள் பக்கம் உட்கார்ந்து பதினைந்து வயதில் இதையெல்லாம் நான் கண்டுபிடித்துவிட்டேன். என்னைப் பெற்ற நைனா கண்டுபிடிக்கவில்லை.

அறுபதுகளின் கடைசி அது. கூலி உயர்வு கேட்டு நெசவாளர்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். தறி எங்களுடையது, அதில் நெடுக இழுத்துக் கட்டிய பாவு நூலும், குறுக்கே ஓடும் பட்டும் சரிகையும் முதலாளியுடையவை. எங்கள் தறியில் கல்யாணச் சேலை ஒன்று பாதியில் நின்றது. அன்று சோடா குடித்து முடித்த பேச்சாளர், “நாளைக் காலை ஒவ்வொரு தறியிலும் இந்த அடிமைப் பாவு அறுபடட்டும்!” என்று முழங்கினார்.

அவர் வெளியூர்க்காரர். எங்களில் முடிந்த சேலையைத்தான் அறுத்தெடுப்பார்கள். வீட்டில் சாவு விழுந்தால்கூடப் பாதிச் சேலை தறியில் காத்திருக்கும், பாவில் யாரும் கத்தி வைக்கமாட்டார்கள். ஏதோ அடுக்காகப் பேசுகிறார் என்று தெருவே கைதட்டிவிட்டுச் சோறு தின்னப் போனது.

விடிந்ததும் நைனா கத்தியை எடுத்தார். அம்மா குறுக்கே விழுந்தாள்.

“இன்னாய்யா பண்றே? அவரு பேச்சுக்குச் சொன்னாருய்யா!”

“ஊரே அறுக்குது. நான் மட்டும் சும்மா இருந்தா துரோகி ஆயிடமாட்டேனா?”

அறுத்துவிட்டு வாசலுக்கு வந்து, மற்ற வீடுகளில் விசாரித்தார். ஒரு தறியிலும் ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை.

போராட்டம் பிசுபிசுத்தது. எல்லோரும் மறுபடி நெய்யத் தறிக்குழியில் இறங்கினார்கள். நைனா ஒவ்வொரு முதலாளியின் வாசலாக ஏறி இறங்கினார். “பாவை அறுத்த கைக்கு எவன்பா பாவு குடுப்பான்?” என்றார்கள். நெசவாளர் சங்கத்துக்காரர்கள் அவரைத் தியாகி என்றார்கள். அந்தத் தியாகிக்கு ஒரு பாவு வாங்கித்தர ஒருத்தர் கால்கூட நடக்கவில்லை. பெண்களும் பிள்ளைகளும் செய்கிற, ஊடை நூலைக் குச்சியில் தார் சுற்றும் வேலையை, காலித் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் செய்துகொடுத்தார். பேச்சாளர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றும் அடங்கவில்லை.

சில வருடங்கள் கழித்து அவர் வாலாஜாபாத்தில் பேசுவதாகச் சுவரொட்டி பார்த்தோம். நைனாவுக்கு முகம் மலர்ந்தது. “அவரு ஒரு வார்த்தை சொன்னா எந்த முதலாளியும் தட்டமாட்டான்மா. பாவு கெடைச்சுடும்” என்று என்னை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. கூட்டத்தின் நடுவே, பெண்கள் பக்கத்தை ஒட்டி உட்கார்ந்தோம். பேச்சாளர் குரலைத் தாழ்த்தினார்.

“காஞ்சியில் ஒரு தோழர். என் சொல்லை நம்பித் தன் பாவைத் தானே அறுத்தார். பட்டினி கிடந்தார். கடைசிவரை எந்த முதலாளியின் வாசலையும் மிதிக்காமல், பட்டினியிலேயே உயிரை விட்டார்!”

பக்கத்திலிருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். கைதட்டல் ஓய வெகுநேரமானது. நான் எழுந்தேன். நைனா என் தாவணியைப் பிடித்து இழுத்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

“ஒக்காரும்மா. நல்லா பேசிக்கினு இருக்காரு, கெடுத்துடாத.”

பேச்சாளரைப் பார்க்காமலே ஊர் திரும்பினோம். செத்துப்போனவர் எந்த முகத்தோடு போய்ப் பாவு கேட்பார்?