குரூப் போட்டோவில் யார் பக்கத்தில் யார்

கல்யாணப் போட்டோ எடுப்பது லேசு, இரண்டு பேர் சிரித்தால் போதும். கல்லூரி குரூப் போட்டோவில் அறுபது பேரும் ஒரே நேரத்தில் சிரிக்க வேண்டும். பாலக்கோட்டில் ஸ்டுடியோ வைத்து முப்பது வருஷமாகிறது. சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் கடைசி வருஷப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவது என் வேலை. ஆடுகிற பெஞ்சின் மேல், பின்வரிசையில் நின்று பயந்துகொண்டே சிரித்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அதனால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

வீட்டுக்கு ஒரு படம்

நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரே வகுப்பில் மூன்று வருஷம் படித்தும் பையன்களும் பெண்களும் பேசிக்கொள்ள மாட்டார்கள். வராந்தாவில் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரைப் பார்ப்பார், இன்னொருவர் செருப்பைப் பார்ப்பார். போட்டோவிலும் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி போகலாம். ஒருமுறை எவ்வளவு சொல்லியும் நகராததால், உட்கார்ந்திருந்த பேராசிரியர்களை எழுப்பி நடுவில் வேலி மாதிரி நிறுத்தி எடுத்தேன்.

கேமராவைப் பையில் வைக்கும்போது கம்பைநல்லூர்ப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். “அண்ணா, பொண்ணுங்க எங்களை மட்டும் தனியா ஒண்ணு எடுத்துக் குடுங்க. அதை வூட்டுல காட்டிக்கறோம். இது எங்களுக்கு.”

இனிஷியலோடு

படத்துக்குக் கீழே பெயர்களை வரிசைப்படி அச்சடிக்க வேண்டும். ஒரு வருஷம் நான் படத்தைக் கழுவிக் கொண்டுபோய்ப் பெயர் எழுதுவதற்குள் பெண்களெல்லாம் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்கள். பேராசிரியர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். முருகேசன் என்று ஒரு பையன், பெண்கள் இருக்கிற பக்கம் தலைகூடத் திருப்பாத சாது, “நான் சொல்றேன் சார்” என்று முன்னால் வந்தான். இடமிருந்து வலமாக இருபத்திரண்டு பெண்களின் பெயரையும் இனிஷியலோடு ஒப்பித்தான். யார் எந்த பஸ்ஸில் போகிறார்கள் என்பதும் கூடவே வந்தது.

பேராசிரியர் பேனாவை மூடினார். “இதுல பாதி கவனத்தைப் பாடத்துல வெச்சிருந்தா, இந்நேரம் நீ என் நாற்காலியில உக்காந்திருப்பப்பா.”

வாட்ஸ்அப் வீரர்கள்

போன மாதம் ஒரு பழைய மாணவர் சந்திப்பு. இருபத்தைந்து வருஷம் கழித்து வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்து, தினமும் காலை வணக்கம், கிண்டல், அரட்டை என்று அமர்க்களப்படுத்தியவர்கள். நேரில் வந்ததும் ஆண்கள் வேப்பமரத்தடிக்கும் பெண்கள் ஹாலுக்கும் ஒதுங்கிவிட்டார்கள். ஒரு அம்மாவோடு வந்திருந்த கல்லூரி படிக்கும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஏம்மா, இவங்கல்லாம் உன் கிளாஸ்மேட்டா, இல்ல பொண்ணு பாக்க வந்தவங்களா?”

ஏரியூருக்குப் போன வகுப்பு

இந்த வருஷம் நான் கேமராவை நிறுத்துவதற்குள் அவர்களே நூறு செல்ஃபி எடுத்துவிட்டார்கள். ஆனால் ஒருவன் குறைந்தான். சதீஷ், வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்து, ஏரியூர்ப் பக்கம் வீட்டில் கிடந்தான். “அந்தப் பையன் படத்தை மூலையில ஒரு வட்டத்துக்குள்ள வெச்சிடலாம்” என்றேன். அந்தக் காலத்தில் வராதவர்களுக்கு அதுதான் வழி. கீர்த்தனா என்ற பெண் முறைத்தாள். “அவன் உசுரோடதான இருக்கான் அங்கிள்? வண்டியில ஏறுங்க.”

முப்பது வண்டி கிளம்பியது. பாதியைப் பெண்கள் ஓட்டினார்கள். பையன்கள் பின்னால் கூச்சமில்லாமல் உட்கார்ந்து வந்தார்கள். நான் கேமரா ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்தபடி கீர்த்தனாவுக்குப் பின்னால். வாசலில் கட்டிலில் படுத்திருந்த சதீஷ், கூட்டத்தைப் பார்த்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். துண்டைப் பிடுங்கி, மாவுக்கட்டு முழுக்கப் பெயர் எழுதி, கட்டிலோடு தூக்கிக் கடலைக்காட்டு வரப்பில் வைத்தார்கள். என் தொழிலிலேயே நல்ல படம் அதுதான்.

தண்ணீர் கொடுக்க டம்ளர் போதாமல் அவன் அம்மா சொம்போடு நின்றார். கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்தது. “எந்நேரமும் போனையே பாத்துக்கிட்டுக் கெடக்கறியேன்னு திட்டுனேனே கண்ணு! அதுக்குள்ள இத்தனை பேரா இருந்தாங்க?”

அன்று “கிட்ட வாங்க, கிட்ட வாங்க” என்று கத்தினேன், இன்று “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, முகம் தெரியட்டும்” என்று கத்துகிறேன். தலைமுறைகள் மாறினாலும் என் தொண்டைக்கு மட்டும் விடிவு வரவில்லை.