டிஸோடர் கடிதத்தோடு நுவரெலியாவுக்கு

தொண்ணூற்றெட்டாம் வருஷம். காலை ஒன்பது மணிக்கு நோர்வூட்டில் பஸ் ஏறினோம், நானும் மாரியாயி அக்காவும். இருவரும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள். எங்களை வேலையிலிருந்து நிறுத்தி ஒரு மாதம். பகல் இரண்டுக்கு நுவரெலியாவில் தொழில் அதிகாரி முன் விசாரணை. தோற்றால் வேலை போகும், தோட்டம் தந்த லயத்துக் காம்பரா வீடும் போகும்.

ஹட்டனுக்கு எட்டு ரூபாய். பதினொன்றரைக்கு ரயில். எதிரே யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர். தோட்டத்து மேலாளர், எங்கள் தொரை, தந்த கடிதம் இங்கிலீஷில் இருந்தது. அவரிடம் நீட்டினேன்.

“நீங்கள் டிஸோடர் செய்தனீங்களாம். ஒழுங்கைக் குலைச்சது எண்டு அர்த்தம்.”

“சண்டை போட்டதாங்க?”

“சண்டைக்கும் சொல்லலாம். அறை அலங்கோலமாய்க் கிடந்தாலும் சொல்லலாம். வயிறு பழுதானாலும் இந்தச் சொல்லுத்தான்.”

“அன்னைக்கு வயிறு நல்லாத்தாங்க இருந்துச்சு,” என்றார் அக்கா. டீச்சர் சிரித்துவிட்டார்.

தலவாக்கலை தாண்டியதும் பனிமூட்டம். பன்னிரண்டே முக்காலுக்கு நானுஓயா. அங்கிருந்து ஐந்து மைல், வேனில் ஆளுக்குப் பத்து ரூபாய்.

விசாரணையில், கொழுந்து நிறுத்துக் கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளை முதலில் பேசினார். “தராசு சரியில்லன்னு கூடைய எறக்கிட்டாங்க. கூச்சல், தள்ளுமுள்ளு. ஒரே டிஸோடர் ஐயா. அங்கேயே நின்னு எல்லார் பேரும் எழுதிக்கிட்டேன்.”

கூடையை இறக்கியது உண்மை. மற்றது பொய். நான் எழுந்தேன்.

“ஐயா, அந்தப் பேருங்கள வாசிக்கச் சொல்லுங்க.”

வாசித்தார். இருபத்து மூன்று பேர். மலையில் ஆளுக்கு ஒரு செடி வரிசை, நிரை என்போம். கொழுந்து நிறுக்கும்போதும் அந்த நிரைப்படியே நிற்போம். அன்றைக்குக் கோபத்திலும் அப்படியே நின்றோம். காலுக்குப் பழகியது.

“ஒண்ணாம் நிரையிலருந்து கடைசி நிரை வரைக்கும் ஒரு பேரு மாறலீங்க, ஐயா.”

அதிகாரி பேர் எழுதிய கொப்பியை வாங்கிப் பார்த்தார். “இது நிரை வரிசையா?”

“ஆமாங்க,” என்றார் கணக்கப்பிள்ளை. “நின்னபடி எழுதினேன்.”

“தள்ளுமுள்ளுல இப்படி நிப்பாங்களா?”

கணக்கப்பிள்ளை வாயைத் திறந்தார், மூடினார்.

“சொல்லுங்க கணக்கப்பிள்ள ஐயா,” என்றார் அக்கா. “வாய்க்கு டிஸோடரா?”

அறையே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். பிறகு எழுதினார். “ரெண்டு பேரும் நாளைக்கு வேலைக்குப் போங்க. தொரைக்கு நான் கடிதம் அனுப்புறேன்.”

வெளியே வந்து ஆளுக்கு இரண்டு ரோல்ஸ், பிளேன்டீ. அக்கா மூன்றாவதும் கேட்டு வாங்கினார்.

நுவரெலியாவில் ஏரி உண்டு, பூந்தோட்டம் உண்டு என்பார்கள். நாங்கள் பார்க்கவில்லை. விடிந்தால் பேர் கூப்பிடும் வரிசையில், பெரட்டில், நிற்க வேண்டும்.